அரை மீட்டர்

கூடைப்பந்து கோச் வேலையில் பாதி, தண்ணீர் தள்ளுவது. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை, நடுவில் சித்திரையில் இடிமழை வேறு. நாங்கள் பயிற்சி செய்யும் சிமெண்ட் தளத்தில் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு இடப்பக்கம் ஒரு பள்ளம் உண்டு. ராத்திரி பெய்தால் காலையில் அங்கே குட்டிக்குளம் நிற்கும். ஐந்தே முக்காலுக்கு நான் பைக்கை நிறுத்தும்போது நாலைந்து பிள்ளைகள் வாரியலும் பழைய சாக்குமாக இறங்கியிருப்பார்கள். இருபது நிமிஷம் தள்ளுவோம். ஆறேகாலுக்குப் பந்து தரையில் பட்டால் அது நல்ல நாள். மறுபடி மழை பிடித்துக்கொண்டால் எல்லோரும் கூரைக்குக் கீழே ஒதுங்குவோம். நான் பழைய மேட்ச் கதை சொல்வேன், அவர்கள் கேட்பதுபோல் இருப்பார்கள்.

அப்படி ஒரு மழைநாளில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கொஞ்சம் பழங்கதை சொல்லாமல் அதற்கு வர முடியாது.

எங்கள் வீடு குலசேகரம் பக்கம். அப்பாவுக்கு ரப்பர் வெட்டு. விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விடுவார். நான் எட்டாம் வகுப்பில் ஐந்தடி ஒன்பது அங்குலம் வளர்ந்திருந்தேன். அந்த உயரத்துக்கு ஊரில் இரண்டு பயன்தான் இருந்தன. ஒன்று, அயல்வீட்டார் மாங்காய் பறிக்கக் கூப்பிடுவார்கள். இன்னொன்றைப் பள்ளிக்கூடத்து பி.டி. சார் கண்டுபிடித்தார். "நாளைக்கு சாயங்காலம் நீ வீட்டுக்குப் போகாண்டாம், இங்க நில்லு" என்றார். அவ்வளவுதான் தேர்வு. வெல்டிங் பட்டறையில் அடித்த வளையம், வலை கிடையாது. பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று தினம் ஒரு சண்டை நடக்கும். வலையின் அருமை எனக்கு அப்போதே தெரியும்.

பத்தாவது முடிந்து விளையாட்டு விடுதி, அப்புறம் சென்னையில் கல்லூரி, 1999-இல் ஒரு நிறுவனத்தின் அணியில் விளையாட்டுக் கோட்டாவில் வேலை. நம் நாட்டில் 'புரொஃபஷனல்' கூடைப்பந்துக்காரன் என்றால் பெரும்பாலும் இதுதான் பொருள். ரயில்வே, வங்கி, காவல்துறை, சுங்கத்துறை என்று ஏதாவது ஓர் இடத்தில் பேர் இருக்கும். காலையில் பயிற்சி, மதியம் வரை அலுவலகம், சாயங்காலம் மறுபடி பயிற்சி. சம்பளம் மேசைக்கு, வேலை மைதானத்தில். 2015-இல் யூபிஏ என்று ஒரு லீக் வந்தது, சென்னைக்கும் ஓர் அணி இருந்தது. அது சில சீசன்களோடு நின்றுபோனது. எனக்கு அது வந்த நேரத்தில் முட்டி போய்விட்டிருந்தது.

குறை சொல்லவில்லை, நல்ல வாழ்க்கைதான். ரயிலில் இரண்டாம் வகுப்பு ஸ்லீப்பரில் கால் நீட்ட முடியாமல் நான் பார்க்காத மாநிலம் குறைவு. எங்கே ஆடினாலும் மனதில் நிற்பது தேனி மாவட்டத்துப் பெரியகுளம்தான். மே மாதம் அங்கே நடக்கிற அகில இந்தியப் போட்டிக்குப் போனவர்களுக்குத் தெரியும். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் நடக்கும். பந்தைத் தட்டாமல் அளவுக்கு மேல் அடி வைக்கும் டிராவலிங் எது, தட்டி நிறுத்திவிட்டு மறுபடி தட்டும் டபுள் டிரிப்ளிங் எது என்று கேலரியில் இருக்கிற தாத்தாவுக்கு நடுவருக்கு முன்னே தெரியும். ஒரு சிறு ஊரில் கூடைப்பந்துக்கு அத்தனை கூட்டம். ஒரு ராத்திரிப் பயணத் தூரம்தான், ஆனால் எங்கள் மாவட்டத்துக்கு அந்தக் காய்ச்சல் தொற்றவே இல்லை. இங்கே கடற்கரை முழுக்கக் கால்பந்து, உள்ளே வந்தால் கபடியும் வாலிபாலும்.

நான் ஆடிய இடம் ஷூட்டிங் கார்டு. மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியே இருந்து எறிவதுதான் என் சோறு. அந்தக் கோடு அப்போது வளையத்தின் நடுவிலிருந்து 6.25 மீட்டரில் இருந்தது. கோட்டைக் குனிந்து பார்க்க வேண்டியதே இல்லை. ஓடி வந்து நின்றால் கால் விரல் கோட்டுக்கு இரண்டு அங்குலம் வெளியேதான் நிற்கும். எத்தனை ஆயிரம் தடவை எறிந்தால் அப்படி ஆகும் என்று கணக்குப் போடவில்லை, ஆனால் ஆகும்.

விதிகள் மாறுவது எங்களுக்குப் புதிதில்லை. 2000-இல் ஒரே அடியாக மாற்றினார்கள். இருபது இருபது நிமிஷமாக இரண்டு பாதி ஆடியது பத்துப் பத்து நிமிஷமாக நான்கு கால்பகுதி ஆனது. பந்து கையில் வந்தால் 30 நொடிக்குள் எறிய வேண்டும் என்றிருந்தது 24 ஆனது. எனக்கு 23 வயசு, ஒரு மாசத்தில் பழகிவிட்டது. மெதுவாக ஆடிப் பழகிய மூத்தவர்கள் சிலர் அந்த ஆறு நொடியில் காணாமல் போனார்கள். அவர்களைப் பார்த்து நாங்கள் சிரித்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2010-இல் என் முறை வந்தது. கோட்டை 6.75-க்குத் தள்ளினார்கள். அரை மீட்டர். ஒரு பெரிய அடி எடுத்து வைத்தால் முடிந்தது. ஆனால் என் பந்து வளையத்தின் முன்விளிம்பில் இடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே போகாமல், தாண்டியும் போகாமல், டங் டங் என்று முன்விளிம்பிலேயே. கைப்பலம் போதவில்லை என்று நினைத்தேன். ஜிம்மில் தோளை ஏற்றினேன். கையால் தள்ள ஆரம்பித்ததும் முழங்கை வெளியே விரிந்தது, பந்து பக்கவாட்டில் போக ஆரம்பித்தது. பாக்கி இருந்ததை வலது முட்டியில் ஜவ்வு கிழிந்து முடித்துவைத்தது. 2012-இல் அணிப் பட்டியலில் என் பெயர் இல்லை. யாரும் கூப்பிட்டுச் சொல்லவும் இல்லை. நோட்டீஸ் போர்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு முழுநாள் அலுவலகம். விளையாட ஓடும் ஆட்களுக்கு அலுவலகத்தில் ஒரு பெயர் உண்டு, அதை இங்கே எழுத வேண்டாம். பதின்மூன்று வருஷம் சர்வீஸ், ஒரு கடிதத்துக்கு எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றத் தெரியாது. என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண் ஒருத்தி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய பொறுமை அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது பிள்ளைகளிடம் கத்த வாய் திறக்கும்போதெல்லாம் அவள் ஞாபகம் வருகிறது. 2014-இல் கேட்டு வாங்கிய இடமாறுதலில் நாகர்கோவில் வந்து சேர்ந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் காலையும் மாலையும் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். அதுதான் கதை.

எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் போனேன். ஆறு வாரச் சான்றிதழ்ப் பயிற்சி ஒன்றையும் முடித்தேன். பதினைந்து வருஷமாக நான் செய்துகொண்டிருந்த ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்தது. ஷூட்டிங்குக்கு நாலு வார்த்தை: பேலன்ஸ், ஐஸ், எல்போ, ஃபாலோ த்ரூ. முதல் எழுத்துகளைச் சேர்த்தால் பீஃப். மார்த்தாண்டம், குலசேகரம் பிள்ளைகளுக்கு இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை ஞாபகம் இருக்கும்.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. என் பிள்ளைகள் நன்றாக ஓடினார்கள், டிபென்ஸ் ஆடினார்கள், ஆனால் தூரத்திலிருந்து எறிந்தால் பந்து போய்ச் சேராது. இன்னும் சாப்பிடணும், இன்னும் தண்டால் எடுக்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த மழைநாள். கூரைக்குக் கீழே நின்றுகொண்டு, வெறுங்கையால் ஷூட்டிங் செய்துகாட்டிக்கொண்டிருந்தேன். மேலே எழும்பு, உச்சிக்குப் போ, ஒரு நொடி நில்லு, அங்கே வைத்துப் பந்தை விடு. எத்தனையோ தடவை சொன்ன பாடம். அந்தப் பெண் கையைத் தூக்கினாள்.

"சார், நீங்க உச்சிக்குப் போன பெறவா பந்த விடுவிய? போறப்பவே விடுத மாதிரில்லா இருக்கு."

"உச்சியிலதான் பிள்ளே" என்றேன். அவள் நம்பவில்லை. எனக்கும் சொன்ன பிறகு ஒரு மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொன்னேன். முட்டிக்கு உறையைப் போட்டுக்கொண்டு இருபது பந்து எறிந்தேன். "இதுக்காக்கும் அஞ்சு மணிக்கு எழுப்பினிய?" என்றாள். மேடைப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். இருபதிலும் ஒன்றுதான் இருந்தது. கால் தரையை உந்துகிறது, உடம்பு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, உச்சிக்கு இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே பந்து கையை விட்டுப் போய்விட்டது. உச்சியில் நான் வெறுங்கையோடு நிற்கிறேன்.

அதாவது, பள்ளிக்கூட நாளிலிருந்து நான் செய்தது ஒன்று, செய்வதாக நினைத்தது வேறு. அந்த நினைப்பைத்தான் மூன்று வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கால் உந்துகிற வேகம் மேலே ஏறும்போதுதான் பந்துக்குள் போகும். உச்சியில் போய் நின்றுவிட்டால் அது செத்துப்போகும், அப்புறம் கை மட்டும்தான் தள்ள வேண்டும். ஆறடி ஆளுக்கு அது சமாளிக்கக்கூடியது. முப்பத்தைந்து கிலோ பிள்ளையின் கை என்ன செய்யும்? அவர்கள் பந்து போய்ச் சேராததற்குத் தண்டால் காரணமே இல்லை.

இன்னொன்றும் அந்தப் படியில் வைத்துத்தான் உறைத்தது. 2010-இல் முன்விளிம்பில் இடித்த பந்துகள். அரை மீட்டருக்கு வேண்டிய பலத்தைத் தோளில் தேடினேன். அது காலில் இருந்தது. கொஞ்சம் கூடுதலாக முட்டியை மடக்கி, கொஞ்சம் முன்னதாக விட்டிருந்தால் போதும். எனக்கு அன்றைக்கு இருந்த கோச்சுகளும் ஆடியவர்கள்தான், அவர்களும் உச்சியில் விடு என்றுதான் சொன்னார்கள். மனைவி சாயா குடிக்கப் போகலாமா என்று கேட்டது காதில் விழவில்லை என்று இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்.

அப்பா எனக்கு ஒரு விடுமுறையில் ரப்பர் வெட்டு பழக்கப் பார்த்தார். பட்டையை மேலிருந்து சரிவாகச் சீவிக்கொண்டு வர வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடிப்போய்க் கத்தி தடியில் பட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது. எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். "இன்னா, இவ்வளவு" என்று வெட்டிக்காட்டினார். அதுதான் எவ்வளவு? "எலே, கைக்குத் தெரியும் கேட்டியா" என்றார். நான் நாலு மரத்தைக் காயப்படுத்தினேன். ஐந்தாவது மரத்தில் அப்பா பின்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், எதுவும் சொல்லவில்லை. இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு நானும் அதையே செய்கிறேன். சொல்வதைக் குறைத்துவிட்டேன். முட்டி மடங்கும்போது பந்தின் அடியில் என் ஒரு விரலை வைத்து, மேலே கிளம்பும்போது லேசாகத் தூக்கிவிடுவேன். பெண்பிள்ளைகளுக்கு மூத்த பெண்கள் அதைச் செய்கிறார்கள். அந்த எட்டாம் வகுப்புக்காரிதான் அதில் கெட்டிக்காரி.

சரி, இப்படித் திருந்திய பிறகாவது எல்லாம் தெரிந்துவிட்டதா என்றால் இல்லை. ஒருநாள் ஒரு பையனுக்கு டிராவலிங் விசில் அடித்தேன். மூன்று அடி வைத்தான், சந்தேகமே இல்லை. அவன் பந்தைக் கீழே வைத்துவிட்டு, "சார், மொத அடி கணக்குல வராது" என்றான். ஓடிக்கொண்டே பந்தைச் சேர்த்துப் பிடிக்கும்போது தரையில் இருக்கிற கால் கணக்கில்லை என்று 2017-இல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். ஜீரோ ஸ்டெப் என்கிறான். நான் படித்திருக்கவில்லை. அன்றைக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், ராத்திரி விதிப்புத்தகத்தை இறக்கிப் படித்தேன்.

அந்தப் பையன் தூத்தூர்ப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம், பாட்டி வீட்டிலிருந்து இங்கே படிக்கிறான். அந்தக் கரையில் பிள்ளைகள் நடக்கிற முன்னே பந்து உதைப்பார்கள். காலை வைத்துத் திரும்புகிற அழகை அவனுக்கு நான் கற்றுக்கொடுக்கவே இல்லை, மணலில் கற்றுக்கொண்டு வந்திருந்தான். கையில்தான் பந்து நிற்காது. ஊரில் கூட்டாளிகள் கேலி செய்கிறார்கள் என்று ஒருநாள் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தான். 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தபோது முதல் ஆட்டத்தைக் கால்பந்தை வைத்துத்தான் ஆடினார்கள் என்று சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. பீச் பழக்கூடையைப் பத்தடி உயர மாடிக் கைப்பிடியில் ஆணியடித்துத் தொங்கவிட்டார்கள், அந்தப் பத்தடி, 3.05 மீட்டர், இன்றுவரை மாறவில்லை என்பதையும் சொன்னேன். அது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்குத்தான் அந்த ஒரு கணக்காவது மாறாமல் இருக்கிறதே என்று ஒரு நிம்மதி. நெய்ஸ்மித் வேலை பார்த்தது ஒய்எம்சிஏ பள்ளியில். அதே ஒய்எம்சிஏ எங்கள் மார்த்தாண்டத்துக்கும் நூறு வருஷம் முன்னே வந்தது. வந்தவர்கள் ஜனங்களுக்குத் தேனீப்பெட்டி வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கூட ஒரு வளையத்தையும் மாட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

பெற்றோர் வருவார்கள். எல்லோரும் ஒரே கேள்விதான். "சார், இதுல போனா வேலை கெடைக்குமா?" அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத இடம் இருக்கிறது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கிடைத்ததால் உன் பிள்ளைக்கும் கிடைக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. நம் ஆண்கள் அணி ஒலிம்பிக்ஸுக்குப் போனதே ஒரே தடவை, 1980 மாஸ்கோவுக்கு, அதுவும் பல நாடுகள் போகாமல் விட்ட வருஷம். இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டனாக இருந்த அனிதா பால்துரைக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தபோது எங்கள் தளத்தில் மிட்டாய் கொடுத்தோம், அந்த வாரம் மட்டும் இரண்டு பெண்பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் ஒருத்தி நின்றுவிட்டாள். மாநில அளவில் ஆடக்கூடியவள். அவள் அம்மா என்னைப் பார்த்து, "குத்தம் நெனைக்கப்பிடாது சார்" என்று ஒரு குலை மட்டிப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். குற்றமாகத்தான் நினைத்தேன். பழத்தையும் சாப்பிட்டேன்.

மேட்ச் பற்றியும் ஒரு வரி. ஆடி மாசம் ஆரல்வாய்மொழிப் பக்கம் திறந்தவெளியில் ஆடிப் பாருங்கள். கணவாய் வழியாக வருகிற காற்று முப்பந்தலில் காற்றாலையைச் சுற்றிவிட்டு நேரே உங்கள் பந்தின் மேல் வரும். நேராக எறிந்தது அரை அடி விலகிப் போகும். அங்கே தோற்றபோது எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. என் பிள்ளைகள் இரண்டாம் கால்பகுதியிலேயே, நான் சொல்லாமலே, தூரத்தில் எறிவதை விட்டுவிட்டு உள்ளே புகுந்து பலகையில் தட்டிப் போட ஆரம்பித்தார்கள். நான் டைம்அவுட் கேட்டு அதைத்தான் சொல்ல எழுந்தேன், பேசாமல் உட்கார்ந்துகொண்டேன். ஏழு பாயிண்டில் தோற்றோம்.

போன பிப்ரவரியில் தளத்துக்குப் பெயிண்ட் அடிக்க அனுமதி கிடைத்தது. அதுவரை இருந்தது எல்லாம் 2010-க்கு முந்தைய கோடுகள். வளையத்துக்குக் கீழே சரிவக வடிவ ஏரியா, 6.25 வளைவு. போட்டிக்குப் போய் ஆடுவது ஒரு தளம், பழகுவது வேறு தளம் என்று பிள்ளைகள் இத்தனை நாள் சமாளித்திருந்தார்கள். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி வளையத்தின் நடுவிலிருந்து தொங்கவிட்டோம். பின்கோட்டிலிருந்து அந்தப் புள்ளி 1.575 மீட்டரில் இருக்க வேண்டும். அளந்தால் எட்டு சென்டிமீட்டர் குறைவு, கம்பம் நட்டவரின் கைவேலை. கம்பத்தைப் பிடுங்கவா முடியும்? புள்ளி எங்கே விழுந்ததோ அங்கிருந்தே கயிற்றைப் பிடித்தோம். அன்று கேள்வி கேட்ட பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பு. அவள் நடுவில் கயிற்றை மிதித்துக்கொண்டு நின்றாள். தூத்தூர்க்காரன் கயிற்றின் மறுமுனையில் சாக்பீஸோடு வளைந்து நடந்தான். பாதியில் நின்று, உள்ளே தேய்ந்து கிடந்த மஞ்சள் வளைவைக் காலால் காட்டிக் கேட்டான்.

"இது ஆருக்க கோடு சார்?"

"அது எனக்க கோடுலே" என்றேன்.

அவன் குனிந்து பார்த்தான். "இவ்வளவு கிட்டயா?" என்றான்.

வாங்கிய பெயிண்ட் வலது மூலைக்கு வரும்போது தீர்ந்துவிட்டது. புதுக்கோட்டில் இரண்டடி இன்னும் பாக்கி. பிள்ளைகள் அங்கே சாக்பீஸால் போட்டுக்கொள்கிறார்கள். ராத்திரி மழையில் அழிந்துவிடும். காலையில் தண்ணீரைத் தள்ளி முடித்ததும் யாராவது ஒருத்தர் உட்கார்ந்து மறுபடி வரைகிறார்கள்.